வெயில் தரும் மின்சாரம்

திருவனந்தபுரத்தில் வலியசாலை என்று ஓர் இடம் இருக்கிறது. பக்கத்தில் கிள்ளியாறு ஓடுகிறது. காந்தளூர் மகாதேவர் கோயில் இங்கேதான் இருக்கிறது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. சாலைக் கம்போளம் கூப்பிடு தூரம்.

இந்தத் தெருவில் மாலை 6 மணிக்கு எங்கள் படிப்பு வட்டம் கூடும். அதில் நான் தொண்டராக இருக்கிறேன். பகலில் வேலை செய்தவர்கள் இரவில் படிக்க வருவார்கள். பூக்கட்டும் அக்கா வருவார். கம்போளத்தில் மூட்டை தூக்கும் அண்ணன் வருவார். பெரியம்மாவும் வருவார். எங்கள் வட்டத்தில் வயதில் மூத்தவர் அவர். எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான்.

ஒரு நாள் பெரியம்மா கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். அது மின்சார பில்.

“மக்களே, இந்த எண்ணைப் படிச்சுப் பாரு. நான் படிச்சது சரிதானா?” என்று கேட்டார்.

“சரிதான் பெரியம்மா. 520 யூனிட்.”

“போன தடவை 500. இந்தத் தடவை 520. இருபது யூனிட்தானே கூடியிருக்கு? பில் மட்டும் ஏன் அறுநூறு ரூபாய்க்கு மேல கூடிச்சு?”

நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் தெரியவில்லை.

பெரியம்மா இன்னொரு செய்தியும் சொன்னார். ஒருவர் வீடு தேடி வந்தாராம். “கூரையில் சோலார் வையுங்கள். இனி பில்லே வராது. இன்றைக்கே 20,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள்” என்றாராம். வட்டிக்காரரிடம் கடன் கேட்கப் பெரியம்மா முடிவு செய்திருந்தார்.

“ரெண்டு நாள் பொறுங்க பெரியம்மா. நாம எல்லாரும் சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்” என்றேன்.

அப்படிப் படித்ததைத்தான் இந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறேன்.

யூனிட் என்றால் என்ன?

அரிசியைக் கிலோவில் அளக்கிறோம். பாலை லிட்டரில் அளக்கிறோம். மின்சாரத்தை யூனிட்டில் அளக்கிறோம்.

1000 வாட் உள்ள ஒரு பொருள் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட் செலவாகும். இஸ்திரிப் பெட்டி பெரும்பாலும் 1000 வாட் இருக்கும். 10 வாட் எல்.இ.டி. பல்பு 100 மணி நேரம் எரிந்தால்தான் 1 யூனிட் ஆகும்.

கேரளத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வருகிறது. மின்சாரத்தின் விலை படிப்படியாக ஏறுகிறது. 2025 ஏப்ரலில் வந்த விலை இது. இது ஒரு மாதக் கணக்கு.

முதல் 50 யூனிட்: ஒரு யூனிட் 3 ரூபாய் 35 காசு.
51 முதல் 100 வரை: 4 ரூபாய் 25 காசு.
101 முதல் 150 வரை: 5 ரூபாய் 35 காசு.
151 முதல் 200 வரை: 7 ரூபாய் 20 காசு.
201 முதல் 250 வரை: 8 ரூபாய் 50 காசு.

250 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தாண்டிவிட்டால் படி இல்லை. முதல் யூனிட்டில் இருந்து எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான். 300 யூனிட் வரை போனால், எல்லா யூனிட்டுக்கும் 6 ரூபாய் 75 காசு.

பெரியம்மாவின் பில்லைப் போட்டுப் பார்த்தோம்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட் என்றால் மாதம் 250. படி விலையில் மாதம் 1,432 ரூபாய் 50 காசு. இரண்டு மாதத்துக்கு 2,865 ரூபாய்.

இரண்டு மாதத்தில் 520 யூனிட் என்றால் மாதம் 260. ஒரே விலையில் மாதம் 1,755 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 3,510 ரூபாய்.

வித்தியாசம் 645 ரூபாய். இருபது யூனிட்டுக்கு 645 ரூபாய்!

இதற்கு மேல் நிலைக் கட்டணமும் வரியும் உண்டு.

“கோட்டைத் தாண்டினதுக்குத் தண்டனையா?” என்று பெரியம்மா சிரித்தார்.

கணக்கு விளங்கியது. பெரியம்மாவின் மலைப்பும் தீர்ந்தது.

வெயில் எப்படி மின்சாரம் ஆகிறது?

கூரையில் நீல நிறத்தில் அல்லது கறுப்பு நிறத்தில் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவையே சூரிய மின்தகடுகள். சோலார் பேனல் என்றும் சொல்வார்கள்.

இந்தத் தகட்டில் சிலிக்கான் என்ற பொருள் இருக்கிறது. சிலிக்கான் மணலில் இருந்து கிடைக்கிறது. மணலைப் பல முறை சுத்தம் செய்கிறார்கள். உருக்குகிறார்கள். கட்டியாக்கி அப்பளத்தை விட மெல்லிய வில்லைகளாக அறுக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையின் ஒரு பக்கத்தில் பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். மறு பக்கத்தில் போரான் சேர்க்கிறார்கள். அதனால் இரண்டு பக்கமும் இரண்டு குணம் பெறுகின்றன.

வில்லையின் மேல் வெளிச்சம் படுகிறது. உள்ளே மின்னணுக்கள் என்ற மிகச் சிறிய துகள்கள் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றைத் தட்டி எழுப்புகிறது. அவை ஒரே திசையில் நகர்கின்றன. கம்பி வழியாக அவை ஓடுவதுதான் மின்சாரம்.

எரிபொருள் இல்லை. புகை இல்லை. சத்தம் இல்லை. தேய்கிற சக்கரமும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மின்சாரம் தருவது வெளிச்சம்தான், சூடு இல்லை. தகடு அதிகம் சூடானால் மின்சாரம் கொஞ்சம் குறையவே செய்யும். மேகம் மூடிய பகலிலும் சிறிது மின்சாரம் வரும். இரவில் வராது.

வெந்நீர் போடும் சோலார் கருவி வேறு. அது வெயிலின் சூட்டைப் பிடித்து நீரைக் காய்ச்சுகிறது. அதில் மின்சாரம் வராது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இது புதிய அறிவு அல்ல

வெளிச்சத்தில் இருந்து மின்சாரம் வரும் என்று 1839-இல் கண்டவர் பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அப்போது அவருக்கு வயது 19. வேலைக்கு உதவும் சிலிக்கான் வில்லையை 1954-இல் அமெரிக்காவில் செய்தார்கள். முதலில் விலை மிக அதிகம். அதனால் விண்வெளிக்குப் போகும் செயற்கைக்கோளில்தான் வைத்தார்கள். 1975-இல் நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா பறந்தது. அதன் உடம்பில் சூரிய வில்லைகள் இருந்தன.

திருவனந்தபுரத்தில் மின்சார விளக்கு எரியத் தொடங்கியது 1929-இல். அன்று எரிபொருளில் ஓடும் இயந்திரம் மின்சாரம் தந்தது. பிறகு மலை நீர் தந்தது. 1940-இல் பள்ளிவாசலில் நீர் மின்நிலையம் வந்தது. 1976-இல் இடுக்கி வந்தது. ஆனால் இன்று அணை நீர் மட்டும் கேரளத்துக்குப் போதாது. மின்சாரத்தின் பெரும் பகுதியை வெளியில் இருந்து வாங்குகிறார்கள்.

2015 ஆகஸ்டு 18-இல் கொச்சி விமான நிலையம் ஒரு பெயர் வாங்கியது. உலகில் முழுவதும் சூரிய மின்சாரத்தால் இயங்கும் முதல் விமான நிலையம் அதுதான். தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் பெரிய சூரிய மின்நிலையம் 2016-இல் வந்தது. வறண்ட மண்ணில் வெயிலே விளைச்சல் ஆனது.

விமான நிலையத்துக்குச் சரி. நம் வீட்டுக்குச் சரிவருமா?

வீட்டுக்கு என்னென்ன வேண்டும்?

ஒன்று, தகடுகள். 1 கிலோவாட் வைக்கச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நிழல் படாத இடமாக இருக்க வேண்டும். நம் ஊரில் தகட்டைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து வைப்பார்கள்.

இரண்டு, இன்வெர்ட்டர். தகட்டில் வருவது நேர் மின்சாரம். நம் வீட்டு மின்விசிறிக்கு வேண்டியது மாறு மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இன்வெர்ட்டரின் வேலை.

மூன்று, இரு வழி மீட்டர். இதன் வேலையைப் புரிந்துகொள்வது எளிது.

பக்கத்து வீட்டில் நாம் கைமாற்று வாங்குவோம். இன்று ஓர் ஆழாக்குச் சர்க்கரை கொடுப்போம். நாளை ஓர் ஆழாக்கு வாங்குவோம். மாதக் கடைசியில் மிச்சக் கணக்கை மட்டும் பார்ப்போம். இரு வழி மீட்டரும் அப்படித்தான். பகலில் நம் வீட்டில் மின்சாரம் மிஞ்சும். அது தெருக் கம்பிக்குப் போகும். இரவில் கம்பியில் இருந்து நாம் வாங்குவோம். கொடுத்ததையும் வாங்கியதையும் மீட்டர் எழுதி வைக்கும். வித்தியாசத்துக்கு மட்டும் பில் வரும்.

ஆண்டுக் கணக்கு முடியும்போது நாம் கொடுத்தது அதிகமாக இருக்கலாம். அதற்கு மின்சார வாரியம் பணம் தரும். ஆனால் அந்த விலை குறைவு. அதனால் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று தேவைக்கு மேல் தகடு வைக்காதீர்கள்.

கைமாற்று விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. 2025-இலும் கேரளத்தில் விதிகள் மாறின. விண்ணப்பிக்கும் முன் மின்சார வாரிய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

என் வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்களுக்கு முன் சோலார் வைத்தோம். நான்தான் முன்னே நின்றேன். இரண்டு தவறு செய்தேன்.

முதல் தவறு நிழல். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காலையில் அதன் நிழல் இரண்டு தகடுகள் மேல் விழுந்தது. எங்கள் வீட்டில் தகடுகளை வரிசையாக ஒன்றோடு ஒன்று கோத்திருந்தார்கள். ஒன்று மங்கினால் மற்றவையும் மங்கும். மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றால் மற்ற மாடும் இழுக்க முடியாதே, அது போல. நாங்கள் எதிர்பார்த்த மின்சாரம் வரவில்லை. பிறகு செலவு செய்து தகடுகளை இடம் மாற்றினோம்.

இரண்டாவது தவறு, கேட்காமல் விட்டது. மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை கரண்ட் போனது. எங்கள் வீடும் இருண்டது. அம்மா கேட்டார்: “சோலார் இருக்கே, விளக்கு ஏன் எரியலை?” எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் பகலிலும் கரண்ட் போனது. வெயில் அடித்தது. அப்போதும் மின்விசிறி ஓடவில்லை!

காரணம் இதுதான். தெருக் கம்பியோடு இணைந்த சோலார், கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. நம் வீட்டு மின்சாரம் கம்பிக்குப் போனால் அவர் மேல் பாயும்.

மின்தடை நேரத்திலும் விளக்கு வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும். அதற்குத் தகுந்த இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு கூடும். பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும்.

இதை விற்பவர் எங்களிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் தகடு 4 யூனிட்டுக்கு மேலும் தரும். மழை நாளில் 1 யூனிட் கிடைத்தாலே பெரிது. நம் ஊரில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வருகிறது. அக்டோபரில் வடகிழக்கு மழை வருகிறது. இரண்டு மழையும் நமக்கு உண்டு. எனவே வருடம் முழுவதும் சேர்த்து நாளுக்கு 3.5 யூனிட் என்று கணக்குப் போடுவோம். அப்படியானால் 1 கிலோவாட் மாதம் 105 யூனிட் தரும். 2 கிலோவாட் மாதம் 210 யூனிட் தரும்.

அரசு உதவி

2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் பி.எம். சூர்ய கர். வீட்டுக் கூரையில் சோலார் வைக்க அது மானியம் தருகிறது.

1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய்.
2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய்.
3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் வைத்தாலும் 78,000 ரூபாய்தான்.

2026-27 நிதியாண்டு வரை என்று இத்திட்டத்தை வகுத்தார்கள். விண்ணப்பிக்கும் நாளில் என்ன நிலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் முதலில் வராது. முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்ட வேண்டும். சோலார் வைத்து, சோதனை முடிந்த பிறகுதான் மானியம் நம் வங்கிக் கணக்குக்கு வரும். கையில் பணம் இல்லாதவர்களுக்கு வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன.

மூன்று வீட்டுக் கணக்கு

வட்டத்தில் மூன்று வீடுகளை எடுத்துக்கொண்டோம். விலை இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக 1 கிலோவாட்டுக்கு 80,000 ரூபாய் என்றும், 2 கிலோவாட்டுக்கு 1,50,000 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டோம்.

முதல் வீடு பூக்கட்டும் அக்காவுடையது. மாதம் 80 யூனிட். முதல் 50 யூனிட்டுக்கு 167 ரூபாய் 50 காசு. அடுத்த 30 யூனிட்டுக்கு 127 ரூபாய் 50 காசு. மொத்தம் 295 ரூபாய். வருடத்துக்கு 3,540 ரூபாய்.

1 கிலோவாட் வைத்தால் மானியம் போகக் கைச்செலவு 50,000 ரூபாய். வருட மிச்சம் 3,540 ரூபாய். போட்ட பணம் திரும்ப 14 வருடம் ஆகும்.

“எனக்கு இப்போ வேண்டாம். அந்தப் பணத்துக்கு மகளைப் படிக்க வைக்கிறேன்” என்றார் அக்கா. சரியான முடிவு.

இரண்டாவது வீடு மூட்டை தூக்கும் அண்ணனுடையது. அது வாடகை வீடு. கூரை அவருடையது இல்லை. எனவே அவர் சோலார் வைக்க முடியாது. குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போடலாம். அதை நாளை வீடு மாறினாலும் கையோடு கொண்டு போகலாம்.

மூன்றாவது வீடு பெரியம்மாவுடையது. கூட்டுக் குடும்பம். மாதம் 260 யூனிட். மாதம் 1,755 ரூபாய்.

2 கிலோவாட் வைத்தால் 210 யூனிட் கிடைக்கும். வாங்க வேண்டியது 50 யூனிட். அதற்கு 167 ரூபாய் 50 காசு. மாத மிச்சம் 1,587 ரூபாய் 50 காசு. வருட மிச்சம் 19,050 ரூபாய்.

மானியம் போகக் கைச்செலவு 90,000 ரூபாய். போட்ட பணம் 5 வருடத்துக்குள் திரும்பும். தகடு சுமார் 25 வருடம் உழைக்கும். இடையில் இன்வெர்ட்டரை ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும். அப்படியும் லாபம்தான்.

ஆனால் “பில்லே வராது” என்பது உண்மை இல்லை. நிலைக் கட்டணம் எப்போதும் வரும்.

வட்டியைச் சேர்த்தால்?

அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “பெரியம்மா வட்டிக்காரர்கிட்ட வாங்கினா என்ன ஆகும்?”

வட்டிக்காரர் கேட்டது 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். 90,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,700 ரூபாய். வருடத்துக்கு 32,400 ரூபாய்.

சோலார் மிச்சம் பண்ணுவது 19,050 ரூபாய். வட்டி 32,400 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு வருடமும் 13,350 ரூபாய் நட்டம்.

வங்கியில் 7 சதவீத வட்டி என்றால் முதல் வருட வட்டி 6,300 ரூபாய். மிச்சப் பணத்தில் வட்டியையும் கட்டலாம், முதலையும் அடைக்கலாம்.

அறை அமைதியானது. பெரியம்மா கரும்பலகையில் இருந்த இரண்டு எண்களையும் விரல் வைத்துப் படித்தார். மெல்ல, ஒவ்வொரு எண்ணாக.

“முன்னூறு, நானூறு கடனுக்கே நான் பட்ட பாடு தெரியும். இது வெயில் இல்லை மக்களே, நெருப்பு” என்றார்.

முதலில் மிச்சம், பிறகு சோலார்

இன்னொரு வழியும் பார்த்தோம். பெரியம்மா வீட்டில் இரண்டு பழைய மின்விசிறிகள் நாளுக்கு 12 மணி நேரம் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 75 வாட். இப்போது 30 வாட்டில் ஓடும் விசிறிகள் கிடைக்கின்றன. ஒரு விசிறியை மாற்றினால் மாதம் சுமார் 16 யூனிட் மிச்சம். இரண்டுக்கு 32 யூனிட்.

260 யூனிட் 228 ஆகும். பழையபடி கோட்டுக்குள் வந்துவிடும். மாதம் 1,755 ரூபாய் கட்டியவர் 1,245 ரூபாய் 50 காசு கட்டினால் போதும். மாதம் 509 ரூபாய் 50 காசு மிச்சம். இரண்டு விசிறி 6,000 ரூபாய் என்றால், ஒரே வருடத்தில் பணம் திரும்பும்.

அதன் பிறகு சோலார் வைத்தால் வருட மிச்சம் சுமார் 14,200 ரூபாய். போட்ட பணம் திரும்ப 6 வருடத்துக்கு மேல் ஆகும். முன்பு 5 வருடத்துக்குள் என்றோம். இப்போது கொஞ்சம் கூடுகிறது. இரண்டையும் எழுதி வைத்தோம். கணக்கு என்றால் நமக்குப் பிடித்ததை மட்டும் எழுதக் கூடாது.

ஏமாறாமல் இருக்க

2013-இல் கேரளத்தில் சோலார் பெயரில் ஒரு பெரிய மோசடி வெளியில் வந்தது. பலர் பணம் கொடுத்து ஏமாந்தார்கள். சட்டசபை வரை அந்தப் பிரச்சினை போனது. படித்தவர்களும் பணக்காரர்களும் ஏமாந்தார்கள். எனவே நமக்கும் எச்சரிக்கை வேண்டும்.

1. முன்பணத்தை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்துபவரை நம்பாதீர்கள்.
2. அரசுத் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். மின்சார வாரிய அலுவலகத்தில் கேட்கலாம். 1912 என்ற எண்ணுக்கும் பேசலாம்.
3. குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.
4. தகட்டுக்கு எத்தனை வருட உத்தரவாதம், இன்வெர்ட்டருக்கு எத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள்.
5. பேட்டரி உண்டா, இல்லையா என்று கேளுங்கள்.
6. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் கூரையில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். தென்னை வளரும் என்பதையும் நினையுங்கள்.
7. ஓட்டுக் கூரை என்றால் முதலில் தச்சரை அழைத்து உத்தரத்தைப் பாருங்கள். ஒரு பெரிய தகடு 20 கிலோவுக்கு மேல் இருக்கும். காற்றும் அதைப் பிடித்து இழுக்கும்.
8. பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

வைத்த பிறகு தூசியும் பறவை எச்சமும் சேரும். மழை இல்லாத நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காலையில் அல்லது மாலையில் கழுவுங்கள். சுடும் தகட்டில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். சுரண்டாதீர்கள். கம்பிகளைத் தொடாதீர்கள்.

பெரியம்மா என்ன செய்தார்?

சொன்னபடி அந்த மனிதர் மறுபடியும் வந்தார். ஒரு காகிதத்தை நீட்டினார். “இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்றார். காகிதம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

ஒரு வருடத்துக்கு முன் என்றால் பெரியம்மா கைநாட்டு வைத்திருப்பார். இப்போது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதத்தில் எண்களை மட்டும் படித்தார். பிறகு சொன்னார்:

“எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். என்ன தருவே, எத்தனை வருஷம் பார்த்துக்குவே, கரண்ட் போனா விளக்கு எரியுமா, எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக் கொண்டு வா. படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுறேன்.”

அவர் போனார். திரும்பி வரவில்லை.

பெரியம்மா முதலில் இரண்டு விசிறிகளை மாற்றினார். அடுத்த பில் 500-க்குள் வந்தது. தச்சரை அழைத்துக் கூரையைப் பார்த்தார். ஒரு பக்கம் உத்தரம் செல்லரித்திருந்தது. அதைச் சரி செய்கிறார்கள். அதன் பிறகு வங்கியில் கடன் கேட்டு, மின்சார வாரியம் வழியாகச் சோலார் வைப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று இடத்தில் விலை கேட்டாயிற்று. மூன்று காகிதங்களையும் பெரியம்மா படிப்பு வட்டத்துக்குக் கொண்டு வந்தார். நாங்கள் சேர்ந்து படிக்கிறோம்.

வெயில் எல்லோர் கூரையிலும் அடிக்கிறது. அது யாருக்கு லாபம், யாருக்கு இப்போது வேண்டாம் என்பதை அவரவர் பில்தான் சொல்லும். உங்கள் பில்லை எடுங்கள். படியுங்கள். கணக்குப் போடுங்கள்.

புதிய சொற்கள்

மின்தகடு – வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் பலகை.
இன்வெர்ட்டர் – நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக மாற்றும் கருவி.
மானியம் – அரசு தரும் பண உதவி.
நிலைக் கட்டணம் – எவ்வளவு செலவழித்தாலும் கட்ட வேண்டிய தொகை.
உத்தரவாதம் – பழுதானால் சரி செய்து தருவதாகக் கொடுக்கும் எழுத்து உறுதி.

பதில் சொல்லுங்கள்

1. தகடு மின்சாரம் தருவது வெளிச்சத்தாலா, சூட்டாலா?
2. தெருவில் மின்தடை வந்தால் பேட்டரி இல்லாத சோலார் ஏன் நின்றுவிடுகிறது?
3. பூக்கட்டும் அக்கா சோலார் வேண்டாம் என்றது ஏன்?
4. மானியம் எப்போது கைக்கு வரும்?
5. வட்டிக்காரரிடம் கடன் வாங்கியிருந்தால் பெரியம்மாவுக்கு வருடம் எவ்வளவு நட்டம்?

கணக்குப் போடுங்கள்

1. 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு 5 மணி நேரம் எரிகிறது. 30 நாளில் எத்தனை யூனிட்? அதற்குப் பதில் 10 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் எத்தனை யூனிட்?
2. உங்கள் வீட்டு பில்லை எடுங்கள். இரண்டு மாத யூனிட்டை 2-ஆல் வகுங்கள். மாதம் எத்தனை யூனிட்? நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள்?

சேர்ந்து பேசுங்கள்

உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது சோலார் இருக்கிறதா? அங்கே போங்கள். மழைக்கால பில்லையும் கோடைக்கால பில்லையும் கேட்டுப் பாருங்கள். வட்டத்தில் வந்து சொல்லுங்கள்.